போர்ட்லண்ட் கட்டடம்: போட்டியில் வென்ற சுவர் ஏன் ஒழுகியது?

#1 முழக்கோல்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகராட்சியின் அலுவலகக் கட்டடத்தைப் பற்றிய இழை இது. 15 மாடி. நகர மன்றத்துக்கும் பழைய மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்கும் நடுவே, 200 அடிக்கு 200 அடி மனையில் நிற்கிறது. போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வடிவம். வென்றவர் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ். திறப்பு விழா 1982 அக்டோபர் 2. பின்நவீனத்துவப் பாணியில் (பழைய அலங்கார வடிவங்களை வண்ணத்தோடு திரும்பக் கொண்டுவந்த பாணி) எழுந்த முதல் பெரிய அரசுக் கட்டடம் என்று கட்டடக்கலைப் பாடங்களில் வருவது இதுதான். 1983இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் விருதும் கிடைத்தது.

மறுபக்கம்: முதல் சில ஆண்டுகளிலேயே ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்), கசிவு, இருட்டு. 2014இல் பழுதுபார்க்க 95 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சு நகர மன்றத்திலேயே எழுந்தது. கடைசியில் 195 மில்லியன் டாலர் வரை ஒதுக்கி, 2017 இறுதியில் ஊழியர்களை வெளியேற்றி, 2020இல் திரும்பக் குடியேற்றினார்கள். கட்டும்போது ஆன செலவு 30 மில்லியனுக்குள். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் சீரமைப்புச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

குறை வரைந்தவருடையதா, தேர்ந்தெடுத்த நடுவர்களுடையதா, போட்டி விதிகளுடையதா என்பதே கேள்வி. வண்ணம் அழகா அசிங்கமா என்ற சண்டை நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதை இங்கே வேண்டாம். சுவரைப் பற்றிப் பேசுவோம்.

#2 வரைபலகை

விதிகளிலிருந்தே தொடங்க வேண்டும். இது வழக்கமான ஓவியப் போட்டி அல்ல. கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் ஒரே அணியாக வர வேண்டும், படத்தோடு உறுதி விலையும் தர வேண்டும், அந்த விலைக்குள் கட்டி முடித்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். 11 அணிகள் வந்தன. மூன்று இறுதிச் சுற்றுக்குப் போயின: கிரேவ்ஸ், கனடாவின் ஆர்தர் எரிக்சன், மிட்செல்-ஜியுர்கோலா. நகராட்சிக்கு ஆலோசகராக இருந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன்.

மூன்றில் கிரேவ்ஸ் கொடுத்தது குறைந்த விலை. எப்படி முடிந்தது? வடிவத்தைக் கிட்டத்தட்ட கனசதுரமாக வைத்துக்கொண்டார். பெட்டி வடிவங்களில் கன அளவுக்கு வெளிப்பரப்பு மிகக் குறைவாக வருவது அதில்தான். அந்தச் சுவரிலும் கண்ணாடியைக் குறைத்து, கான்க்ரீட்டை மிகுத்து, அலங்காரத்தைப் பெரும்பாலும் பெயிண்டாலேயே கொண்டுவந்தார். தூண் போலத் தெரிவதும் ஆப்புக்கல் (வளைவின் உச்சியில் வைக்கும் கல்) போலத் தெரிவதும் பெரும்பகுதி வண்ணத்தின் வேலை. ஒரு சதுர அடிச் சுவருக்கு மிக மலிவாக வரும் முகப்பு இது.

அதற்குப் பிறகும் வெட்டு விழுந்தது. மாடியின் மேல் சின்னக் கோயில்களைப் போல ஒரு சிற்றூரையே வரைந்திருந்தார், அது போயிற்று. பக்கச் சுவரில் காற்றில் பறப்பது போன்ற நாடா மாலைகள் தட்டையாகின. வாசலுக்கு மேல் உள்ள போர்ட்லாண்டியா செப்புச் சிலைகூட மூன்றாண்டு கழித்து, 1985 அக்டோபரில்தான் வந்தது.

பணம் குறையும்போது கண்ணுக்குத் தெரிகிற அலங்காரத்தை வெட்டினால் ஊரே கேட்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தகட்டையோ நீரைத் தடுக்கும் ஒரு சவ்வையோ வெட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். உறுதி விலைப் போட்டியின் பெரிய ஆபத்து அங்கேதான். இந்தக் கட்டடத்துக்கென்று மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த முறைக்கே உள்ள குணம்.

#3 ஓதம்

வரைபலகை சொன்னதன் தொடர்ச்சியாக, சீரமைப்புக்கு முந்தைய சுவரின் வெட்டுத் தோற்றத்தைப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து உள்ளே: பெயிண்ட், கான்க்ரீட், உள்பூச்சு. மழையைத் தடுக்க ஒரே கோடுதான், பெயிண்டும் அதோடு ஜன்னலைச் சுற்றிய சீலன்டும் (இடுக்கை அடைக்கும் நெகிழ்பசை). அந்தக் கோட்டில் மயிரிழை விட்டாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வந்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது. இரண்டாவது தடுப்போ வடிகாலோ இல்லாத சுவர் இது.

கான்க்ரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர் நீளும். 60 மீட்டர் சுவர், 30 டிகிரி வேறுபாடு என்றால் 18 மில்லிமீட்டர். இந்த அசைவுக்கு இணைப்பு விடாவிட்டால் சுவரே தனக்கு வேண்டிய இடத்தில் இணைப்பை உண்டாக்கிக்கொள்ளும். அதைத்தான் விரிசல் என்கிறோம். பெயிண்ட் படலம் 0.2 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. விரிசல் திறந்து மூடும்போது அதுவும் கிழியும்.

அடுத்தது சீலன்ட். ஜன்னல் 4 அடிச் சதுரம், சுற்றளவு 16 அடி, திறப்பு 16 சதுர அடி. அதாவது ஒரு சதுர அடி வெளிச்சத்துக்கு ஓர் அடி சீலன்ட். 8 அடிச் சதுர ஜன்னலாக இருந்தால் 64 சதுர அடிக்கு 32 அடிதான், பாதி. ஒரே அளவு கண்ணாடியைச் சின்னச் சின்னத் துளைகளாகப் பிரித்தால் கசியக்கூடிய கோட்டின் நீளம் இரட்டிப்பாகிறது. போட்டிப் படத்தில் இதை யாரும் அளப்பதில்லை.

பாலியூரித்தேன் சீலன்ட் வெயில் மழையில் 5 முதல் 10 ஆண்டு நிற்கும். நல்ல சிலிக்கான் 20 ஆண்டு போகலாம். அதுவும் பின்னால் நுரைக்கயிறு வைத்து, இரண்டு பக்கம் மட்டும் ஒட்டும்படி போட்டிருந்தால்தான். மூன்று பக்கமும் ஒட்டிவிட்டால் நீள இடமின்றி நடுவில் கிழியும். 15 மாடி முழுக்கப் பத்தாண்டுக்கு ஒருமுறை தொங்குமேடையில் இறங்கி எல்லாக் கோட்டையும் சுரண்டி மறுபடி போட வேண்டிய சுவர் இது. பராமரிப்புக்குப் பணம் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

#4 கொத்துக்கரண்டி

ஒரு ஐயம். நம் ஊரில் எல்லாக் கட்டடமும் பூச்சும் பெயிண்டும்தானே? போர்ட்லண்டில் ஆண்டு மழை சென்னையைவிடக் குறைவு என்று படித்திருக்கிறேன். அங்கே மட்டும் ஏன் தாங்கவில்லை?

#5 ஓதம்

நல்ல கேள்வி, நண்பரே. அளவு குறைவுதான், போர்ட்லண்டில் 900 மில்லிமீட்டர் சொச்சம், சென்னையில் 1400ஐ ஒட்டி. ஆனால் சுவருக்கு அளவைவிட உலர்கிற நேரம் முக்கியம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் வந்துவிடும். உள்ளே போன ஈரம் சில நாளில் வெளியேறும். போர்ட்லண்டில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தூறல். வெப்பநிலை 5 முதல் 10 டிகிரி, வானம் மூடியே கிடக்கும். சுவர் ஆறு மாதம் உலர்வதே இல்லை. அதோடு உள்ளே சூடேற்றுகிறார்கள். குளிர்ந்த கான்க்ரீட்டின் உள்முகத்தில் அறைக்காற்றின் ஈரமும் படிந்துவிடும். கறை மழையாலா இந்தப் படிவாலா என்று பிரித்தறியாமல் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்தால், கெட்டியான படலம் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

இன்னொன்று. நம் பழைய வீடுகளில் சன்ஷேடு உண்டு, அதன் அடியில் சொட்டு விழ ஒரு பள்ளக்கோடு உண்டு. போர்ட்லண்ட் கட்டடத்தின் பழைய சுவர் தட்டை. மேலே விழுந்த தண்ணீர் 15 மாடியும் சுவரை ஒட்டியே வழிந்து ஒவ்வொரு ஜன்னல் தலையிலும் மோதியது. ஜன்னல் தலைக்கு மேல் ஒன்றரை அங்குலம் நீட்டிய ஒரு தகடு இருந்தால்கூட அந்தக் கோட்டில் விழும் சுமை வெகுவாகக் குறைந்திருக்கும்.

#6 சாளரம்

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. ஊழியர்களின் முதல் புகார் அதுதான்.

ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு ஆகும். மேல்விளிம்பு 7 அடி என்றால் 14 முதல் 17 அடி. கட்டடமோ 200 அடி மனையின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கிறது. நடுவில் லிஃப்ட், படிக்கட்டு, டக்ட் (காற்றுக் குழாய்), கழிப்பறைக்கான கருவை ஒதுக்கினாலும், ஜன்னலோர மேசைக்கும் கருவுக்கும் இடையே பகலிலும் விளக்கெரியும் ஒரு பட்டை மிஞ்சும். ஊழியர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டையில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு: 8 அடிக்கு ஒரு ஜன்னல், தள உயரம் 12 அடி என்று வைத்துக்கொண்டால் 96 சதுர அடிச் சுவரில் 16 சதுர அடி திறப்பு, ஆறில் ஒன்று. கண்ணாடி கருஞ்சாயம் போட்டதாக இருந்தால் அந்த ஆறில் ஒன்றிலும் பாதிக்கு மேல் வெளியேயே நின்றுவிடும். இந்தக் கட்டடத்தில் இருந்தது கருஞ்சாயக் கண்ணாடிதான். தாழ்வான கூரை வேறு. இவை மூன்றும் சேர்ந்தால் போர்ட்லண்டின் மேகமூட்ட மாதங்களில் என்ன மிஞ்சும்?

படத்தில் அந்தச் சதுரங்கள் அழகான தாளம். முகப்பை முகப்பாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அறைக்குள் நின்று வெளியே பார்க்கிற ஒரு படத்தைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

#7 வரைபலகை

சாளரம், உங்கள் கணக்கு சரி. ஆனால் பழியை முகப்பு ரசனையின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. 1979இல் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி. கண்ணாடியைக் குறைத்தால் சூடேற்றும் செலவு குறையும் என்பது அன்றைய பொதுப்புத்தி. அதிகச் சதுர அடி, குறைந்த விலை, குறைந்த எரிபொருள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்தால் கொழுத்த தளமும் சின்ன ஜன்னலும்தான் விடையாக வரும். வேறு யார் வென்றிருந்தாலும் அந்த விலைக்குள் அகலமான கண்ணாடியும் ஒல்லியான தளமும் வந்திருக்காது.

போட்டியின் கேள்வித்தாளில், அதாவது நகராட்சி கேட்ட தேவைப் பட்டியலில், "ஒரு மேசை ஜன்னலிலிருந்து எத்தனை அடிக்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் விடை மாறியிருக்கும்.

#8 தூக்குக்குண்டு

கட்டமைப்புப் பக்கம். கசிவைச் சரிசெய்வது மட்டும்தான் வேலை என்றால் 195 மில்லியன் ஆகியிருக்காது. செலவில் பெரிய பங்கு நிலநடுக்கப் பலப்படுத்தல், இயந்திர-மின் அமைப்புகளை முழுதாக மாற்றுதல், உள்வேலை, ஊழியர்களை வேறிடத்தில் வைத்திருத்தல்.

இந்தக் கட்டடத்தை வரைந்தபோது ஒரிகனைப் பெரிய நிலநடுக்க மண்டலமாக விதிகள் கருதவில்லை. கடலோரத்தில் உள்ள கஸ்கேடியா அமிழ்வு மண்டலம் (ஒரு நிலத்தட்டு மற்றதன் அடியில் அமிழும் இடம்) 9 அளவை ஒட்டிய நடுக்கத்தைத் தரக்கூடியது என்ற புரிதல் 1980களிலும் 90களிலும்தான் உருவானது. கடைசியாக அது உடைந்தது 1700 ஜனவரி 26 என்பதை ஜப்பானிய ஆழிப்பேரலைப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆகவே 1980இல் வரைந்தவரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊழியர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அரசுக் கட்டடத்தை அதற்குப் பிறகும் அப்படியே விட்டுவைக்க முடியாது.

ஒரு நடைமுறை விஷயம்: பலப்படுத்தல் என்றால் ஷியர் வால்களை (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்கள்) கூட்டுவது, தளத்துக்கும் சுவருக்குமான பிடிப்பை வலுப்படுத்துவது. இதைத் தளத்தில் ஆள் இருக்கும்போது மாடி மாடியாகச் செய்யலாம் என்று எப்போதும் ஓர் எண்ணம் வரும். மலிவாகத் தெரியும். தூசி, சத்தம், இரவு வேலைக் கூலி, தீயணைப்பு அமைப்பைத் தற்காலிகமாகத் துண்டிப்பது, ஒரே மாடிக்கு இரண்டு முறை இடமாற்றம் எல்லாம் சேர்த்தால் மொத்தமாகக் காலிசெய்வதே பெரும்பாலும் லாபம். போர்ட்லண்டில் மொத்தமாகத்தான் காலிசெய்தார்கள்.

#9 கல்வெட்டு

சீரமைப்பை எல்லோரும் வெற்றி என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கட்டடம் 2011இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. வழக்கமாக 50 ஆண்டு ஆக வேண்டும். இது 29 ஆண்டிலேயே ஏறியது. விதிவிலக்கான முக்கியத்துவம் உண்டு என்று ஒப்புக்கொண்டதால்தான். அமெரிக்க உள்துறையின் மரபுக்காப்பு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: கெட்டதை முதலில் பழுதுபார், மாற்றியே தீர வேண்டுமானால் வடிவம், நிறம், மேற்பரப்பு பழையதோடு ஒத்துப்போக வேண்டும், முடிந்தவரை பொருளும்.

நடந்தது என்ன? பெயிண்ட் அடித்த கான்க்ரீட்டின் மேல் முழுக்க அலுமினியப் போர்வை. அடிப்பகுதியின் நீலப்பச்சை டைல்கள் போய், வேறு அளவில் சுடுமண் டைல்கள். கருஞ்சாயக் கண்ணாடி போய்த் தெளிந்த கண்ணாடி. சுவரின் விளிம்பு முன்னே நகர்ந்துவிட்டது, ஜன்னல் பள்ளத்தின் நிழல் மாறிவிட்டது. படம் எடுத்தால் அதே கட்டடம் போலத் தெரியும். பக்கத்தில் போனால் பேனல் இணைப்புக் கோடுகள் தெரியும். மலிவான பெயிண்டில் நிற்கிற நினைவுச்சின்னம் என்பதே இதன் வரலாறு. அந்த மலிவை மூடிவிட்டால் வரலாற்றில் மிஞ்சுவது உருவரை மட்டும்.

#10 ஓதம்

கல்வெட்டு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்தச் சுவரைப் "பழுதுபார்ப்பது" என்றால் என்ன செய்திருக்க வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம். பழைய பெயிண்டை நீர்ப்பீச்சலால் கான்க்ரீட் வரை உரிப்பது. எல்லா விரிசலையும் அளந்து, அசைகிற விரிசலை வி-வடிவத்தில் வெட்டி நெகிழும் சீலன்ட், அசையாத விரிசலுக்கு எபாக்சி என்ற கெட்டிப்பசை. எல்லா ஜன்னலையும் கழற்றி, அடியில் சாய்வான தகடு வைத்துத் திரும்பப் பொருத்துவது. பிறகு நெகிழும் பூச்சு. இத்தனையும் செய்தாலும் மழைக்கும் அறைக்கும் நடுவே அதே ஒற்றைக் கோடுதான். பத்துப் பதினைந்து ஆண்டில் மறுபடி. வெப்பக்காப்பும் கிடைக்காது; உள்ளே போட்டால் கான்க்ரீட் இன்னும் குளிர்ந்து ஈரம் படிவது கூடும்.

அவர்கள் அலுமினியப் போர்வையால் செய்தது மழைத்திரை முறை. இதில், வெளித்தகடு மழையின் வேகத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அதன் பின்னால் குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி, காற்று மேலும் கீழும் போகத் திறந்திருக்கும். அதற்குப் பின்னால் வெப்பக்காப்பு. கடைசியாகக் கான்க்ரீட்டின் மேல் ஒட்டிய நீர்த்தடுப்புச் சவ்வு. உள்ளே நுழைந்த சொட்டு இடைவெளியில் இறங்கித் தகட்டின் வழியாக வெளியேறிவிடும். சவ்வு வெயிலையே பார்ப்பதில்லை, அதனால் நெடுநாள் நிற்கும். பழைய கான்க்ரீட்டும் உள்ளே உலர்ந்து பத்திரமாக இருக்கிறது. 

இதிலும் தவறு நடக்கிற இடங்கள் உண்டு. தாங்கிக் கொக்கிகள் சவ்வைத் துளைக்கிற ஒவ்வோர் இடமும் கசிவுப் புள்ளி. கொக்கிக்கும் கான்க்ரீட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத துண்டு வைக்காவிட்டால் அந்த இடம் குளிரும். இடைவெளியை மாடிக்கு மாடி தீத்தடுப்பால் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புகைபோக்கி ஆகிவிடும். அலுமினியம் கான்க்ரீட்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும்: 3 மீட்டர்ப் பேனல், 50 டிகிரிக்கு 3.5 மில்லிமீட்டர். இணைப்பில் அந்த இடம் விடாவிட்டால் வெயில் ஏறும்போது பேனல் "டக் டக்" என்று ஒலிக்கும், பிறகு வளையும்.

அதனால்தான் மொத்தத்தையும் ஏற்றுவதற்கு முன் ஒரு மாதிரித் துண்டைக் கட்டிச் சோதிக்கிறார்கள். ஏஎஸ்டிஎம் இ331 என்ற நீர்க்கசிவுத் தரச் சோதனையில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் தண்ணீர், கூடவே காற்றழுத்த வேறுபாடு, 15 நிமிடம். ஜன்னல் மூலை இல்லாத வெறும் பேனலை வைத்துச் சோதித்துத் தேர்ச்சி காட்டினால் ஏற்காதீர்கள். கசிவது மூலையில்தான்.

#11 கல்வெட்டு

மழைத்திரையின் வேலையை நான் மறுக்கவில்லை. தண்ணீரை நிறுத்தச் சவ்வும் இடைவெளியும் போதும். வெளியே அலுமினியம்தான் என்று யார் சொன்னது? மெல்லிய சிமென்ட் நார்ப் பலகையோ கண்ணாடி நார்க் கான்க்ரீட்டோ போட்டு வண்ணம் அடித்திருந்தால் கான்க்ரீட்டின் மங்கலான மேற்பரப்பு மிஞ்சியிருக்கும். எடையும் பராமரிப்பும் கூடும் என்பது தெரியும். ஆனால் மரபுப் பதிவேட்டில் உள்ள கட்டடத்துக்கு அந்தக் கூடுதல் செலவு நியாயம்.

#12 ஓதம்

ஒப்புக்கொள்கிறேன், பொருள் தேர்வில் வாதத்துக்கு இடமுண்டு. பேனலைத் தொழிற்சாலையிலேயே முழு அலகாகச் செய்து கொண்டுவந்து மாட்டுகிற வேகம் அலுமினியத்துக்குச் சாதகம். கூடுதல் எடை நிலநடுக்கக் கணக்கிலும் ஏறும், தூக்குக்குண்டு அதை விளக்குவார்.

#13 தூக்குக்குண்டு

ஒரு வரியில்: நடுக்க விசை எடைக்கு நேர்விகிதம். சதுர மீட்டருக்கு 15 கிலோ போர்வைக்குப் பதில் 60 கிலோ என்றால், 10,000 சதுர மீட்டர்ச் சுவரில் 450 டன் கூடும். அதற்கும் சேர்த்துத்தான் ஷியர் வால் தடிக்க வேண்டும். முடியாத காரியமல்ல, ஆனால் இலவசமும் அல்ல.

#14 வடக்குவாசல்

மற்றப் போட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதி எப்படி வடிவத்தை இழுக்கிறது என்று தெளிவாகும்.

டொரண்டோ நகர மண்டபம், 1958: யாரும் கலந்துகொள்ளலாம் என்ற சர்வதேசப் போட்டி. 42 நாடுகளிலிருந்து 500க்கு மேல் படங்கள். பின்லாந்தின் வில்யோ ரெவல் வென்றார். 27 மாடி, 20 மாடி என்று இரண்டு வளைந்த கோபுரங்கள், நடுவில் தட்டுப் போன்ற மன்ற அரங்கு. 1965 செப்டம்பரில் திறந்தார்கள். ரெவல் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அங்கே விலை உறுதி கேட்கவில்லை, அதனால் துணிச்சலான வடிவம் வென்றது. விலையும் வேலையும் பிறகு வந்தன. வளைவின் வெளிமுதுகு முழுக்க ஜன்னலில்லாத கான்க்ரீட். தளம் ஒல்லி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து. ஆனால் ஒரு கோபுரத்திலிருந்து மற்றதற்குப் போகக் கீழே இறங்கி ஏற வேண்டும். துறைகளை எந்தக் கோபுரத்தில் வைப்பது என்பது அன்றாட நிர்வாகப் பிரச்சினை.

பாஸ்டன் நகர மண்டபம், 1962: இரண்டு சுற்று, 256 படங்கள். கால்மன், மெக்கினல், நோல்ஸ். பெரிதாக எதுவும் கட்டியிராதவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஜெர்மனியின் டெசாவில் உள்ள கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை எனக்கு மிகவும் பிடித்தது. 1998இல் சவர்புருக் ஹட்டன் என்ற கட்டடக் கலை நிறுவனத்தார் வென்றார்கள், 2005இல் திறந்தார்கள், ஏறக்குறைய 800 பேர் வேலை செய்யும் இடம். அங்கே கேள்வித்தாளிலேயே எரிசக்தி இலக்கு இருந்தது. விளைவு: நான்கு மாடிதான், பாம்பு போல் வளைந்த ஒல்லியான தளம், ஒருபுறம் வெளி, மறுபுறம் கண்ணாடிக் கூரையிட்ட நடுமுற்றம். ஆக, எந்த அறையும் இருட்டில்லை. மண்ணுக்கடியில் சுமார் 5 கிலோமீட்டர்க் குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்து, குளிர்காலத்தில் சற்றுச் சூடாகவும் கோடையில் சற்றுக் குளிர்ச்சியாகவும் உள்ளே விடுகிறார்கள். வெளிச்சுவரில் மரப்பலகையும் வண்ணக் கண்ணாடியும். வண்ணத்தை விரும்பிய கட்டடக் கலைஞர்கள்தான் அவர்களும். வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் இருப்பதால் மழை அதைத் தொடுவதில்லை.

#15 சாளரம்

அந்தக் கடைசி வரி முக்கியம். போர்ட்லண்டில் வண்ணமே மழைத்தடுப்பாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. டெசாவில் வண்ணத்துக்கு அலங்காரம் மட்டும்தான் வேலை.

#16 முழக்கோல்

எல்லோருக்கும் நன்றி. இழையைத் தொடங்கியபோது நடுவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம். இப்போது கேள்வித்தாளின் மேல் வந்து நிற்கிறது. அப்படியானால் நேராகக் கேட்கிறேன்: ஒரு பெரிய அரசு அலுவலகத்துக்குப் போட்டி அறிவிக்கிறவர் தாளில் என்ன எழுத வேண்டும்? எந்தச் சுற்றில் எதைக் கேட்க வேண்டும்?

#17 வரைபலகை

முதல் சுற்றில் குறைவாகக் கேளுங்கள். இடஅமைப்பு, தளங்களின் பிளான், ஒரு செக்ஷன் (கட்டடத்தை வெட்டிக் காட்டும் படம்), ஒரு முகப்பு. பெயரில்லாமல், எண் மட்டும். விலை கேட்காதீர்கள், கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணை எழுதுவார்கள். பதிலாகப் பரப்புப் பட்டியல் கேளுங்கள்: மொத்தத் தளப்பரப்பு, அதில் வேலைக்கு ஆகிற பரப்பு, வெளிச்சுவர்ப் பரப்பு, அதில் கண்ணாடிப் பரப்பு. இந்த நான்கு எண்ணிலிருந்து ஒரு நல்ல மதிப்பீட்டாளர் விலையை ஒரே அளவுகோலில் தானே போட்டுவிடுவார். வேலைக்கு ஆகிற பரப்பு மொத்தத்தில் 80 சதவீதத்தைத் தாண்டினால் உற்றுப் பாருங்கள். டக்டும் கழிப்பறையும் எங்கோ விடுபட்டிருக்கும். 65க்குக் கீழே போனால் நடைபாதைக்கே பணம் போகிறது.

இரண்டாம் சுற்றுக்கு நான்கைந்து பேர் போதும், எல்லோருக்கும் செய்த வேலைக்குப் பணம் கொடுத்து. இங்கேதான் சுவரைக் கேட்க வேண்டும். ஜன்னல் தலை, ஜன்னல் அடி, மேல்மாடிக் கைப்பிடிச் சுவர், தரையோடு சேரும் இடம் ஆகிய நான்கும் தெரிகிற வெட்டுப்படம், 1:20 அளவில். தண்ணீர் போகும் வழியை நீலக்கோட்டால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தொடர்ச்சியாக ஒரு கோடு போட முடியாத படத்தில் சுவர் கசியும். ஒரு நடுமேசையிலிருந்து ஜன்னலைப் பார்க்கிற உட்படம் ஒன்று. முகப்பில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் எத்தனை ஆண்டு, எப்படிக் கழற்றி மாற்றுவது என்று ஒரு பக்க அட்டவணை.

நடுவர் குழுவில் கட்டடக் கலைஞர்களோடு முகப்புப் பொறியாளர் ஒருவரும், அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கப்போகிற அலுவலர் ஒருவரும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். ஆலோசகர் என்று ஓரத்தில் உட்கார வைத்தால் கடைசி நாளில் அவர்கள் குரல் எடுபடாது.

உறுதி விலை வேண்டுமென்றால் வெட்டக்கூடாத பட்டியலை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்: சவ்வு, தகடுகள், வடிகால், கண்ணாடியின் தரம், தொங்குமேடை ஏற்பாடு. விலை மீறினால் பரப்பைக் குறைக்கலாம், மாடியைக் குறைக்கலாம், அலங்காரத்தைப் பிறகு சேர்க்கலாம். போர்ட்லாண்டியா சிலை மூன்றாண்டு கழித்து வந்ததால் யாரும் நனையவில்லையே.

#18 கொத்துக்கரண்டி

வெட்டக்கூடாத பட்டியலில் தொங்குமேடையையும் சேர்த்திருக்கிறீர்களே, அது கட்டிய பிறகு வாங்கிக்கொள்கிற சாமான் இல்லையா?

#19 ஓதம்

மேடையை வாங்கிக்கொள்ளலாம், அதைத் தாங்குகிற கொக்கியை வாங்க முடியாது. கொக்கிகள் மேல்தளக் கான்க்ரீட்டோடு சேர்ந்து வார்க்கப்பட வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை டன் தாங்கும் என்று சோதித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு துளைபோட்டு வைத்தால் ஒவ்வொரு துளையும் மேல்தள நீர்த்தடுப்பில் ஓர் ஓட்டை. கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் முன்னே நீட்டும் அலங்காரத்தையும் பார்த்து, மேடை சுவருக்கு எட்டுகிறதா என்று வரையும்போதே அளந்துவிட வேண்டும். எட்டாத சீலன்ட் கோட்டை எந்த ஊரிலும் யாரும் மாற்றுவதில்லை.

#20 கொத்துக்கரண்டி

புரிந்தது. கொக்கிகளின் இடத்தை 1:20 படத்தில் குறிக்க இடம் போதாது. மேல்தளப் பிளானில் தனியாகக் கேட்பதா?

#21 வரைபலகை

ஆமாம், தனியாக, 1:100 அளவில். கொக்கிக்குக் கொக்கி இடைவெளி, ஒவ்வொன்றிலிருந்தும் மேடை எட்டுகிற அகலம் இரண்டையும் வண்ணம் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். வண்ணம் படாத சுவர்த்துண்டு எதுவும் மிஞ்சக் கூடாது.